“படிச்சவங்களுக்கு வர்ற நோய்” என்று அக்கா சொல்வது சரியா?

கேள்வி: எனக்கு வயது 46. வங்கி ஒன்றில் மேலாளராக இருக்கிறேன். படிப்பு, வேலை, வீடு வாங்குவது என்று தள்ளிப்போய் 35 வயதில்தான் மகள் பிறந்தாள். ஒரே பிள்ளை. நான்கு மாதம்தான் தாய்ப்பால் கொடுத்தேன். என் அக்காவுக்கு வயது 54. தொடக்கப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர். 21 வயதில் கல்யாணம், மூன்று பிள்ளைகள். அலுவலகக் கட்டடம் ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறார். அண்மையில் என்னுடன் வேலை பார்க்கும் தோழிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரியவந்தது. பயந்துபோய், “நாம் இருவரும் சேர்ந்து மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்துவிடுவோம்” என்று அக்காவைக் கூப்பிட்டேன். “அதெல்லாம் உன்னை மாதிரி படிச்சு, ஏர்கான்ல உட்கார்ந்து வேலை பார்க்கிறவங்களுக்கு வர்ற நோய். மூணு பெத்து மூணுக்கும் பால் கொடுத்தவளுக்கு எங்கிருந்து வரும்?” என்கிறார். இணையத்தில் தேடினால், வசதியான பெண்களுக்கே அதிகம் வருகிறது என்றுதான் போட்டிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லை. அக்கா சொல்வது சரியா? பிள்ளையைத் தள்ளிப்போட்டதற்கு நான்தான் விலை கொடுக்க வேண்டுமா?
— வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் அக்கா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் உங்கள் வேலை சுலபமாக முடிந்திருக்கும். பாதி உண்மை என்பதால்தான் எங்கே தேடினாலும் பதில் அவர் பக்கமே சாய்கிறது.

முதலில் அந்த உண்மையான பாதியைப் பார்ப்போம். வசதியும் படிப்பும் உள்ள பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் சற்று அதிகமாகக் காணப்படுகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிய வந்த விஷயம். அதற்குக் காரணம் ஏர்கானும் இல்லை, பணமும் இல்லை. படிப்பும் சம்பளமும் ஒரு பெண்ணின் வாழ்க்கைக் கணக்கை மாற்றிவிடுகின்றன: எப்போது வயதுக்கு வருகிறாள், எப்போது முதல் பிள்ளை, எத்தனை பிள்ளைகள், எத்தனை மாதம் தாய்ப்பால். மார்பகத்துக்கு இந்தக் கணக்குதான் முக்கியம்.

ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மாதந்தோறும் ஏறி இறங்கும்போது மார்பகச் செல்கள் பெருகத் தூண்டப்படுகின்றன. செல் எத்தனை முறை பிரிகிறதோ அத்தனை முறை அதில் பிழை நேர வாய்ப்பு உண்டு. கர்ப்பமும் தாய்ப்பாலும் இந்த மாதாந்தரச் சுழற்சியை நிறுத்திவைக்கின்றன. பால் சுரக்கும் செல்களை முழுமையாக முதிரவும் வைக்கின்றன. நல்ல சாப்பாடு கிடைத்த பெண் சீக்கிரமே வயதுக்கு வருகிறாள், பிள்ளையைத் தாமதமாகப் பெறுகிறாள், ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்கிறாள். அவள் உடல் கடந்துவரும் மாதவிடாய்ச் சுழற்சிகள் அவளுடைய பாட்டியைவிட மிக அதிகம். மருத்துவர்கள் இதை இப்போதுதான் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்காதீர்கள். ராமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர் 1700களின் தொடக்கத்திலேயே, மடத்தில் வாழும் கன்னியாஸ்திரீகளுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகம் வருவதைக் கவனித்து எழுதிவைத்தார். கன்னியாஸ்திரீகள் பணக்காரர்கள் அல்ல. பிள்ளை பெறாதவர்கள், அவ்வளவுதான்.

சிங்கப்பூரே இதற்கு நல்ல சாட்சி. இங்கே புற்றுநோய்ப் பதிவகம் 1968இல் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை, மக்கள்தொகையில் முதியவர்கள் கூடியதைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், மார்பகப் புற்றுநோய் விகிதம் சுமார் மூன்று மடங்காகிவிட்டது. இதே காலத்தில் என்ன நடந்தது என்று உங்கள் அம்மாவைக் கேட்டாலே தெரியும். 1960இல் சராசரியாக ஒரு பெண்ணுக்கு ஐந்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். 1970களில் “இரண்டு போதும்” என்று அரசாங்கமே சுவரொட்டி ஒட்டியது. 2023இல் அந்தச் சராசரி 0.97. கம்பம் என்ற கிராமக் குடியிருப்பிலிருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம், பெண் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனார்கள், கூடவே இந்த நோயும் கூடியது. இன்று சிங்கப்பூர்ப் பெண்களில் சுமார் 13 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வருகிறது.

சரி, அக்காவின் மூன்று பிள்ளைகள் அவருக்கு எவ்வளவு பாதுகாப்புத் தருகிறார்கள்? இதற்குத் துல்லியமான கணக்கே இருக்கிறது. 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி 2002இல் வெளியிட்டார்கள். நோய் வந்த சுமார் 50,000 பெண்களும் வராத 97,000 பெண்களும் அதில் அடங்கினர். ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஆபத்து 7 விழுக்காடு குறைகிறது. தாய்ப்பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மேலும் 4.3 விழுக்காடு குறைகிறது. அக்கா மூன்று பிள்ளைகளுக்கும் தலா ஒரு வருடம் பால் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளையே பெறாத பெண்ணோடு ஒப்பிட்டால் அவருடைய ஆபத்து ஏறக்குறைய 30 விழுக்காடு குறைவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நூறு பெண்களில் எட்டுப் பேருக்கு வரக்கூடிய நோய் 30 விழுக்காடு குறைந்தால் என்ன ஆகும்? ஐந்தாறு பேருக்கு வரும். அந்த ஐந்தாறு பேரும் பெற்றவர்கள்தான், பால் கொடுத்தவர்கள்தான். “எங்கிருந்து வரும்?” என்று அக்கா கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

அடுத்து அக்காவிடம் இல்லாத மற்றப் பாதி. நோய் வருவது ஒரு விஷயம். அந்த நோயால் சாவது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் “பணக்கார நோய்” என்ற பேச்சே வருகிறது. உலகச் சுகாதார நிறுவனம் தரும் நான்கு எண்களைப் பாருங்கள். வளர்ச்சி மிக உயர்ந்த நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. 71 பேரில் ஒருவர் அதனால் இறக்கிறார். வளர்ச்சி குறைந்த நாடுகளில் 27 பேரில் ஒருவருக்குத்தான் கண்டறியப்படுகிறது. ஆனால் 48 பேரில் ஒருவர் இறந்துபோகிறார். அதாவது, ஏழை நாட்டில் நோய் வருவது பாதிக்கும் குறைவு, வந்தவர்கள் பிழைப்பதோ மிகவும் கடினம். இது நாடுகளுக்கு இடையே மட்டும் உள்ள வித்தியாசம் அல்ல. ஒரே நாட்டில், ஒரே ஊரில், ஏன், ஒரே குடும்பத்தில்கூட இப்படி நடக்கிறது. உங்களுக்கு நோய் வரும் வாய்ப்பு அக்காவைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். வந்தால், தாமதமாகத் தெரியவருவது அக்காவுக்குத்தான்.

ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். உணவங்காடியில் தட்டு கழுவும் வேலை பார்த்தவர். நான்கு பிள்ளைகள், நான்குக்கும் தாய்ப்பால் கொடுத்தவர். தீபாவளிக்கு முன்பே குளிக்கும்போது கட்டி கையில் தட்டுப்பட்டிருக்கிறது. எங்களிடம் வந்தது சித்திரை கழிந்த பிறகு. உள்ளாடைக்குள் ஒரு கைக்குட்டையை நான்காக மடித்து வைத்திருந்தார், கசிவு சட்டையில் தெரியாமல் இருக்க. அதை எடுத்து, மறுபடி ஒழுங்காக மடித்து, கைப்பையில் வைத்துவிட்டுத்தான் படுக்கையில் படுத்தார். கட்டி தோல்வரை வந்துவிட்டது. மஞ்சள் பற்றுப் போட்ட தடம் இருந்தது. ஏன் இத்தனை நாள் என்று கேட்டேன். வலிக்கவில்லை என்றார். பெரும்பாலான புற்றுக்கட்டிகள் ஆரம்பத்தில் வலிக்காது. வலிக்காததால் அது ஒன்றுமில்லை என்று நினைப்பதுதான் வழக்கம். அப்புறம் நாள்கூலி, ஒருநாள் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை, மாற்று ஆள் கிடைக்கவில்லை, மகனுக்குச் சாதாரண நிலைத் தேர்வு. ஒவ்வொரு காரணமும் நியாயமான காரணம். எல்லாம் சேர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் போய்விட்டது.

கட்டி சிறிதாக இருக்கும் முதல் நிலையில் கண்டுபிடித்தால் ஐந்து ஆண்டுக்குப் பிறகும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உயிரோடு இருக்கிறார்கள். உடலின் வேறு பாகங்களுக்குப் பரவிவிட்ட நான்காம் நிலையில் அந்த எண் பெரிதும் சரிந்துவிடுகிறது. சிகிச்சையின் பாரமும் அப்படித்தான். சின்னக் கட்டியாக இருக்கும்போது கட்டியை மட்டும் எடுத்து, கதிர்வீச்சுக் கொடுத்து, மாத்திரையோடு முடிப்பதும் உண்டு. முற்றிய பிறகு கீமோ, பெரிய அறுவை, கதிர்வீச்சு என்று எல்லாமே தேவைப்படும். கதிர்வீச்சுக்கு மட்டும் வாரத்தில் ஐந்து நாள், சில வாரங்கள் தொடர்ந்து வர வேண்டும். உங்களுக்கு மருத்துவ விடுப்பு இருக்கிறது, வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம். அக்காவின் மேற்பார்வையாளர் எத்தனை நாள் பொறுப்பார்? ஐந்து வருடம் விடாமல் சாப்பிட வேண்டிய ஹார்மோன் மாத்திரையை இடையில் நிறுத்திவிடுபவர்களும் இருக்கிறார்கள். அப்படி நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து கூடுகிறது. ஏழ்மை கொல்வது இப்படிச் சின்னச் சின்னத் தாமதங்களாகத்தான்.

இன்னொன்று. ஏழைப் பெண்ணுக்கு ஆபத்தைக் கூட்டும் விஷயங்களும் உண்டு, அவற்றை அக்கா கணக்கில் சேர்க்கவில்லை. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் முக்கியமாக உடற்கொழுப்பிலிருந்தே வருகிறது. அதனால் அந்த வயதில் உடல் பருமன் நேரடியாக ஆபத்தைக் கூட்டும். பகலெல்லாம் நடந்து பெருக்கிவிட்டு, காப்பிக்கடையில் இனிப்பான தே தாரேக்கும் பரோட்டாவும் சாப்பிட்டு வீட்டுக்குப் போகும் பெண்ணுக்கு எடை கூடாமல் என்ன செய்யும்? காய்கறியும் மீனும் வாங்கிச் சமைக்க நேரமும் வேண்டும், பணமும் வேண்டும். இரவு வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரவுநேர ஷிஃப்ட் வேலை புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007இல் வகைப்படுத்தியது. 2019இல் மறுபடி ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தது. முடிந்த முடிவு அல்ல, ஆனால் அலட்சியப்படுத்தக்கூடியதும் அல்ல. அலுவலகக் கட்டடங்களை யார், எந்த நேரத்தில் கூட்டித் துடைக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இனி உங்களைப் பற்றி. பிள்ளையைத் தள்ளிப்போட்டதற்கு விலை என்றெல்லாம் நினைக்காதீர்கள். முதல் பிள்ளையை 35 வயதுக்குப் பிறகு பெறுபவர்களுக்கு ஆபத்து சற்றுக் கூடுதல் என்பது உண்மைதான், மறைக்கப் போவதில்லை. மக்மஹோன் என்ற ஆய்வாளரின் குழு 1970இல் உலகின் ஏழு பகுதிகளிலிருந்து வெளியிட்ட ஆய்வில், 18 வயதுக்கு முன் முதல் பிள்ளை பெற்றவர்களுக்கு, 35க்குப் பின் பெற்றவர்களின் ஆபத்தில் மூன்றில் ஒரு பங்குதான் என்று தெரிந்தது. இதைப் படித்துவிட்டு உங்கள் மகளுக்குப் பதினேழு வயதில் கல்யாணம் பேசுவீர்களா என்ன? படிப்பும் வேலையும் உங்களுக்குக் கொடுத்த ஆயுளும் ஆரோக்கியமும் இந்தச் சிறு கூடுதலைவிட எத்தனையோ பெரியவை. நடந்துபோனதை மாற்ற முடியாது, மாற்றக்கூடியவை சில உள்ளன. முதலாவது மது. நம் பெண்கள் குடிப்பதில்லை என்று கடிதங்களில் எழுதுகிறார்கள். மருத்துவமனையில் கேட்டால் வெள்ளிக்கிழமை மாலை அலுவலகக் கூட்டத்தில் இரண்டு கிளாஸ் வைன் என்கிறார்கள். தினமும் 10 கிராம் ஆல்கஹால், அதாவது ஏறத்தாழ ஒரு சின்னக் கிளாஸ் வைன், ஆபத்தை 7 விழுக்காடு கூட்டுகிறது. ஒரு வருடம் தாய்ப்பால் கொடுத்துச் சேர்த்ததை அது விழுங்கிவிடும். இரண்டாவது உடற்பயிற்சி. அதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லதுதான், ஆனால் அதில் நிம்மதி தேட வேண்டாம். மார்பகப் புற்றுநோயில் பரம்பரை மரபணுவால் வருவது பத்தில் ஒன்று அளவுக்குத்தான், அல்லது அதற்கும் குறைவு. மீதியில் பெரும்பாலானவை குடும்பத்தில் “யாருக்கும் இல்லை” என்று சொன்ன வீடுகளில் வருபவைதான்.

ஆகவே இருவரில் யார் முதலில் போக வேண்டும்? அக்காதான். வயதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை, அவருக்கு 54. இங்குள்ள தேசியப் பரிந்துரைப்படி 50 முதல் 69 வயதுவரை உள்ள பெண்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் எடுக்க வேண்டும். 40 முதல் 49 வரை உள்ளவர்கள் மருத்துவரிடம் நல்லது கெட்டது பேசிவிட்டு, எடுக்க முடிவு செய்தால் ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கலாம். நாற்பதுகளில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் படம் தெளிவாக வராது, வீணான பயங்களும் கூடும். அதனால்தான் முதலில் பேச்சு. 2002இல் நாடு தழுவிய பரிசோதனைத் திட்டம் தொடங்கியும், எடுக்க வேண்டிய வயதுப் பெண்களில் பத்தில் நான்கு பேர்கூட ஒழுங்காக எடுப்பதில்லை. அக்கா தனியாள் இல்லை.

பணம் தடையாக இருக்கக்கூடாது. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மானியம் உண்டு. 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்தலாம். அக்காவிடம் நீலம் அல்லது ஆரஞ்சு நிறச் சாஸ் (CHAS) மருத்துவ மானிய அட்டை இருந்தால் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கத்தைத் தொடர்புகொண்டு, இலவசமாக எடுக்க முடியுமா என்று கேளுங்கள்; குறைந்த வருமானப் பெண்களுக்காக அவர்கள் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். மேமோகிராம் பேருந்து உங்கள் வட்டாரச் சமூக மன்றத்துக்கு எப்போது வருகிறது என்றும் விசாரியுங்கள். ஆனால் என் அனுபவத்தில் பணத்தைவிடப் பெரிய தடை இரண்டு: ஒருநாள் சம்பளம், வெட்கம். முதலாவதற்கு, அவருடைய ஓய்வுநாளைக் கேட்டு அதற்கேற்ப நேரம் பதிவு செய்யுங்கள். இரண்டாவதற்கு, படம் எடுப்பவர் பெண் ஊழியர்தான் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மேல்சட்டையைக் கழற்றிவிட்டு இயந்திரத்தின் முன் நிற்க வேண்டும். ஒவ்வொரு மார்பையும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே சில விநாடி அழுத்தி, இரண்டு கோணத்தில் எடுப்பார்கள். கொஞ்சம் நெரிக்கும், உடனே விட்டுவிடும். அன்று காலை பவுடரும் டியோடரன்ட்டும் போட வேண்டாம். படத்தில் சுண்ணாம்புப் புள்ளிபோல் தெரிந்து வீண் குழப்பம் வரும். உங்களுக்கு இன்னும் மாதவிடாய் வருவதால், அது தொடங்கி ஒரு வாரம் கழித்துத் தேதி வாங்குங்கள், வலி குறைவாக இருக்கும்.

படம் எடுத்த பிறகு மறுபடி வரச்சொல்லிக் கடிதம் வந்தால் அக்கா நிலைகுலைந்துவிடுவார், “அதான் போக வேண்டாம்னு சொன்னேன்” என்பார். இப்போதே சொல்லிவையுங்கள்: மறுபடி அழைக்கப்படுபவர்களில் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. கூடுதல் படமோ ஸ்கேனோ எடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்த இரண்டாவது தடவைக்கு நீங்களும் கூடப் போங்கள். அறையில் ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து “ஒண்ணும் இல்லைன்னாங்க” என்று சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இடையில் கட்டி, காம்பு உள்ளிழுத்தல், ரத்தக் கசிவு, தோல் ஆரஞ்சுத் தோல்போலக் குழிவிழுதல் என்று எதுவும் தெரிந்தால் மேமோகிராம் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றே அல்லது மறுநாளே பலதுறை மருந்தக மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். செலவைப் பற்றிப் பயந்தால், மருத்துவமனையில் மருத்துவ சமூக ஊழியர் இருக்கிறார், மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி இருக்கிறது, அதற்கும் மேல் மெடிஃபண்டு உதவிநிதி இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும், கேட்பது பிச்சை அல்ல என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் இல்லப் பணிப்பெண் இருந்தால், அவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் கட்டாயப் பரிசோதனையில் மேமோகிராம் கிடையாது. இந்த மானியங்களும் அவருக்கு இல்லை. நாற்பதைத் தாண்டியவராக இருந்தால், அக்காவிடம் பேசும் அதே நாளில் அவரிடமும் கேட்டுப் பாருங்கள். கட்டி இருப்பது தெரிந்தும், வேலை போய்விடும் என்று வாயைத் திறக்காமல் இருந்தவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள்.